எடை தூக்கும் பயிற்சிக்கு என்ன உடுத்துவது? எதை முதலில் வாங்குவது?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

வணக்கம். மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. நடைப்பயிற்சி மட்டும் எலும்புக்குப் போதாது, எடையும் தூக்குங்கள் என்று மருத்துவர் சொன்னதால் வீட்டருகே ஒரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேல் எடையைத் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து குனிந்து எடையைத் தூக்குவது) மூன்றையும் பார்பெல் எனும் நீள இரும்புக் கம்பி வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஏசி கிடையாது, மின்விசிறிதான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிற்சி செய்யும் இடம்.

இப்போது காட்டன் சுடிதார் பேன்ட், கணவரின் பழைய டி-ஷர்ட், நடைக்கு வாங்கிய மெத்தென்ற ஷூ ஆகியவற்றோடு சமாளிக்கிறேன். ஸ்குவாட்டில் கீழே இறங்கினால் பேன்ட் முழங்காலைப் பிடிக்கிறது. விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் கேட்டேன். லெகிங்ஸ், டிரை-ஃபிட் எனும் சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட், கையுறை, இடுப்பு பெல்ட், முழங்கால் உறை என்று மேசை மேல் அடுக்கி எட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பெல்ட் இல்லாமல் ஸ்குவாட் செய்தால் முதுகு போய்விடும் என்று பயமுறுத்தல் வேறு. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இவற்றில் எது உண்மையிலேயே தேவை? தாலிக்கொடியும் மெட்டியும் அணிகிறேன் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

-----

இரும்புக்கரசி எழுதியது:

அக்கா, வெறுங்கையோடு வந்தது நல்லது. நான் கோவையில் வலுதூக்கும் போட்டிகளில், அதாவது நீங்கள் பழகும் அதே மூன்று தூக்குகளுக்கான பவர்லிஃப்டிங்கில், கலந்துகொள்கிறவள். முதல் செலவு காலுக்கு. மற்றவை காத்திருக்கலாம்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் செய்த ஷூவின் அடியில் இருக்கும் நுரை, குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. எடையைத் தோளில் சுமந்து நிற்கும்போது அதே நுரை அழுந்தி ஒரு பக்கமாகச் சரியும். இலவம்பஞ்சு மெத்தை மேல் நின்றுகொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பாருங்கள், கணுக்கால் என்ன பாடுபடும் என்று தெரியும். தேவை ஒன்றுதான்: அழுத்தினால் அமுங்காத, தட்டையான ரப்பர் அடிப்பாகம். வெளிநாடுகளில் கான்வர்ஸ் எனும் தட்டை அடி கேன்வாஸ் ஷூ போட்டுத் தூக்குகிறார்கள். நம் ஊரில் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அதே வேலையைச் சில நூறு ரூபாயில் செய்துவிடும். உங்கள் பள்ளி அருகிலேயே கிடைக்கும். விரல்கள் விரிய இடம் இருக்கிறதா என்று மட்டும் போட்டுப் பாருங்கள். முன்புறம் குறுகிய ஷூவாக இருந்தால், பாதத்தை விரித்துத் தரையைப் பற்றும்போது மெட்டி பக்கத்து விரலில் பதிந்து வலிக்கும். மூன்று சுற்று மெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பெஞ்சில் தாலி ஒரு தொந்தரவுதான். பார் நெஞ்சில் தொடும் இடத்துக்குக் குண்டும் காசும் சரியாக வந்து நிற்கும். நான் பார்த்தவரை பெண்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். சிலர் கொடியை உள்ளாடைக்குள் பக்கவாட்டில் ஒதுக்கி ஊக்குக் குத்திவிடுகிறார்கள். சிலர் பயிற்சி நேரத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்கிறார்கள். டெட்லிஃப்டில் குனியும்போது வெளியே ஊசலாடாமல் இருக்க, கழுத்து இறக்கமில்லாத வட்டக் கழுத்து டி-ஷர்ட் போதும். மோதிரத்தைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். பாரில் பிடிமானத்துக்காகச் செதுக்கிய சொரசொரப்பு தங்கத்தை அரிக்கும். அதைவிட முக்கியம், பாருக்கும் மோதிரத்துக்கும் நடுவே தோல் மாட்டிக்கொண்டால் உயிர் போகிற வலி.

கையுறை வேண்டாம். துணியும் தோலும் சேர்ந்து பாரைத் தடிமனாக்கும், பிடி தளரும். பெண்களுக்கான ஒலிம்பிக் பார் 25 மி.மீ., ஆண்களுக்கானது 28 மி.மீ. அந்த 3 மி.மீ. வித்தியாசமே உள்ளங்கைக்குத் தெரியும் என்றுதான் தனித்தனியாகச் செய்கிறார்கள். அதன் மேல் கையுறையையும் போட்டால் என்ன ஆகும்? காய்ப்பு ஏறினால் குளித்தபின் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

-----

வெறுங்கால் வேந்தன் எழுதியது:

கேன்வாஸ் எதற்கு, காலணி எதற்கு? நான் வெறுங்காலோடுதான் தூக்குகிறேன். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே எதுவும் இல்லாததைவிட உறுதியான அடிப்பாகம் உண்டா? செலவு சுழியம்.

-----

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

டெட்லிஃப்டுக்கு வேந்தன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடிப்பாகம் எவ்வளவு மெல்லியதோ, பாரை அவ்வளவு குறைந்த உயரம் தூக்கினால் போதும். அதற்காகவே துணிச் செருப்பைப் போல ஒரு வகைக் காலணி விற்கிறார்கள்.

ஸ்குவாட் வேறு கதை. நான் வேலூரில் பளுதூக்கிப் பழகியவன், அதாவது எடையைத் தலைக்கு மேல் உயர்த்தும் வெயிட்லிஃப்டிங். எங்கள் பயிற்சிக்கூடத்தில் பழைய ஷூக்களுக்குக் குதிகாலில் மரக்கட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். இப்போது கடினமான பிளாஸ்டிக் வருகிறது. குதிகால் 15 முதல் 22 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். கணுக்கால் இறுக்கமாக இருப்பவர் முழுக்கக் கீழே உட்காரும்போது ஒன்று குதிகால் தரையைவிட்டு எழும், அல்லது உடம்பு முன்னால் கவிழும். உயர்ந்த குதிகால் அந்த இரண்டையும் குறைத்து முதுகை நிமிர்த்திக் கொடுக்கிறது. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார் அல்லவா? ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) இரண்டும் அந்தக் குதிகாலை நம்பி நடக்கிற தூக்குகள்.

ஆசிரியை அம்மாவுக்கு அது இப்போது அவசியமில்லை. கீழே உட்காரும்போது குதிகால் எழுகிறதா என்று பயிற்சியாளரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தால் பிறகு யோசிக்கலாம். அதுவரை கேன்வாஸே போதும்.

வெறுங்காலில் எனக்கு இன்னொரு தயக்கம். மின்விசிறி மட்டும் ஓடும் மதுரை ஜிம்மில், நாலு பேர் வியர்வை சிந்திய ரப்பர் தரை வழுக்கும்.

-----

வெறுங்கால் வேந்தன் எழுதியது:

வழுக்கினால் துடைத்துக்கொள்வேன். காலில் எடைத் தட்டு விழுந்தால் என்ன செய்வாய் என்று அடுத்து யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். 20 கிலோ தட்டு விழுந்தால் கேன்வாஸ் துணி காப்பாற்றப் போகிறதா?

-----

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

காப்பாற்றாது. அதை ஒப்புக்கொள்கிறேன். தரை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

-----

நூல்கண்டு எழுதியது:

திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் துணித் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். துணி பற்றி யாரும் பேசாததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சுடிதார் பேன்ட். நெய்த துணி நீளாது. முழங்கால் மடங்கும்போது தொடைக்கும் முழங்காலுக்கும் கூடுதல் துணி தேவைப்படுகிறது. துணி நீண்டு கொடுக்காததால் இடுப்பிலிருந்து இழுக்கிறது, இல்லையென்றால் தையல் விடுகிறது. ஆகவே பின்னல் துணிதான் வேண்டும். அதிலும் நாம் ஊரெல்லாம் போடுகிற குர்தி லெகிங்ஸ் இதற்கு ஆகாது. பெரும்பாலும் அது பருத்தியோடு 5 சதவீத அளவில் லைக்ரா எனும் இழுபடும் இழை கலந்த ஒற்றைப் பின்னல் துணி. நிற்கும்போது அழகாக இருக்கும். ஸ்குவாட்டில் பின்புறம் விரிந்ததும் கண்ணிகள் திறந்து உள்ளே இருப்பது தெரியும். முழங்காலில் பை விழுந்து திரும்பி வராது. ஜிம்முக்கு இன்டர்லாக் பின்னலில் வரும் பாலியஸ்டர் அல்லது நைலான் கலவையைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துணி அது, ஓரத்தை வெட்டினாலும் சுருண்டுகொள்ளாது. எடை 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. கடையில் லேபிள் இல்லையென்றால் லெகிங்ஸுக்குள் கையை விட்டு விரல்களை விரித்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். தோல் நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கறுப்பு நிறத்தை மட்டும் இப்படிச் சோதித்து நம்பிவிடாதீர்கள், போட்டுப் பார்க்கும் அறையில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து கண்ணாடியில் பாருங்கள்.

பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு காலும் கூடும் இடத்தில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால் அந்தப் புள்ளிதான் முதலில் கிழியும். அங்கே சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இழுவை பிரிந்துபோகும். தொடையின் உள்பக்கத்தில் தடித்த ஓவர்லாக் தையலைவிடத் தட்டையான ஃபிளாட்லாக் தையல் உராயாது.

மேலாடைக்கு வருகிறேன். எல்லோரும் டிரை-ஃபிட் டிரை-ஃபிட் என்கிறார்கள். பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. அதனால் சீக்கிரம் காய்கிறது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நீங்கள் செய்வது ஓட்டம் இல்லை. பெஞ்சின் ரெக்சின் மேல் வழவழப்பான பாலியஸ்டர் டி-ஷர்ட்டோடு படுத்தால், பாரைத் தள்ளும்போது தோள்பட்டை மெல்ல மெல்லத் தலைப்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்குவாட்டில் பாரும் முதுகில் இறங்கப் பார்க்கும். பருத்தி பிடித்துக்கொள்ளும். 160 முதல் 180 ஜி.எஸ்.எம். வரையுள்ள பருத்தி டி-ஷர்ட், முதுகில் ரப்பர் அச்சுப் படம் இல்லாதது, நெஞ்சில் கல்லும் ஜிகினாவும் இல்லாதது போதும். ஆகவே கீழே செயற்கை இழை, மேலே பருத்தி. என் கட்சி இதுதான்.

யாராவது திருப்பூர்ப் பக்கம் வந்தால் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சிய சரக்கைப் பாருங்கள். தையல் பிசகு, சாயப் பிசகு இருக்கும். அதைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவருக்கு லாபம், தெரியாதவருக்கு இரண்டாம் துவைப்பில் தெரிந்துவிடும்.

-----

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மிக்க நன்றி. விரல் விரித்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன், வீட்டிலிருந்த மூன்று லெகிங்ஸும் தோற்றன. ஒரு சங்கடம்: ஆண்களும் இருக்கும் இடத்தில் இறுக்கமான லெகிங்ஸ் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். தொளதொள பேன்ட், நீள டாப்ஸ் என்று போனால் பயிற்சி கெடுமா?

-----

இரும்புக்கரசி எழுதியது:

கெடாது அக்கா, நீளத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும். லெகிங்ஸின் மேல் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் தளர்வான ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அல்லது கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த ஜாகர்ஸ். டாப்ஸ் தொடையின் பாதி வரை வரலாம், அதற்குக் கீழே வந்தால் டெட்லிஃப்டில் பாரோடு சேர்ந்து மேலே சுருண்டு வரும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். பேன்ட் நாடாவை வெளியே தொங்கவிடாமல் உள்ளே செருகிவிடுங்கள். பயிற்சியாளரின் கண்ணுக்கு உங்கள் முழங்காலும் முழங்கையும் தெரிய வேண்டும். முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பலாசோவுக்குள் யாராலும் பார்க்க முடியாது.

இந்தச் சிக்கல் உலக அளவிலும் வந்ததுதான். பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர் குல்சூம் அப்துல்லா, கை கால்களை மூடிய உடையில்தான் பளுதூக்குவேன் என்றார். முழங்கை மடங்காமல் நேராகிவிட்டதா என்று நடுவர்கள் பார்த்தாக வேண்டும் என்பதால் முழங்கையையும் முழங்காலையும் மூடக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. 2011 ஜூனில் சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பு, உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு முழுநீள உடையைப் போட்டி உடைக்கு உள்ளே அணியலாம் என்று விதியை மாற்றியது. அதே ஆண்டு அவர் பாரிஸ் உலகப் போட்டியில் பாகிஸ்தானுக்காக இறங்கினார். மூடுவது பிரச்சினை இல்லை, மூட்டு தெரியாமல் போவதுதான் பிரச்சினை என்று அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று, ஆண்களும் படிக்கும் உரையாடல் என்பதற்காக விட்டுவிட முடியாது: உள்ளாடை. முதுகில் கொக்கி வைத்தது பெஞ்சில் படுத்ததும் முதுகெலும்பில் குத்தும். தோள்பட்டையில் உலோக வளையம் வைத்தது ஸ்குவாட் பாருக்கு அடியில் மாட்டும். தலைவழியாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள். ஓட்டத்துக்கான அளவு இறுக்கம் வேண்டியதில்லை, மூச்சை நிறைய இழுத்து வயிற்றை இறுக்க வேண்டியிருக்கும். விலா எலும்பைச் சுற்றி வரும் கீழ்ப்பட்டைதான் பெரும்பகுதித் தாங்கலைத் தருகிறது. கையை உயர்த்தும்போது அது மேலே ஏறினால் அளவு பெரிது.

-----

கோதா தாத்தா எழுதியது:

தேனிப் பக்கம். நான் தேகப்பயிற்சிச் சாலையில் கர்லா சுற்றிய காலத்து ஆள். லங்கோடு ஒன்றுதான் உடை. ஊர்ப் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெற்றுடம்போடு கல்லை நெஞ்சில் அணைத்து ஏற்றுவார்கள். வழவழப்பான உருண்டைக் கல், நடுவே துணி இருந்தால் நழுவும். நூல்கண்டு தம்பி பெஞ்சைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், அதை மட்டும் யாராவது விளக்குங்கள்.

-----

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

ஐயா, அதை விளக்க என்னாலும் முடியாது! பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிப்பதில்லை. மூச்சை அடக்கி வயிற்றைப் பெல்ட்டின் மேல் வெளிநோக்கித் தள்ளும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடுகிறது, முதுகெலும்பு அசையாமல் நிற்க அது உதவுகிறது. வயிற்றைத் தள்ளத் தெரியாதவர் இடுப்பில் பெல்ட் வெறும் தோல் பட்டைதான். கடைக்காரர் சொன்னதைத் தள்ளிவிடுங்கள் அம்மா. முதலில் பெல்ட் இல்லாமல் அந்த மூச்சைப் பழகுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சு அடக்குவது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிறகு வாங்கினாலும், முன்னால் குறுகிப் பின்னால் அகன்றதை வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்புறம்தான் வயிறு தள்ளும் இடம், அங்கே குறுகினால் எதற்கு?

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளி அரைஞாண் போட்டிருந்தால் பெல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு இறுக்குங்கள். மேலே வைத்து இறுக்கினால் ஒவ்வொரு கண்ணியும் தோலில் அச்சாகப் பதிந்திருக்கும்.

-----

வெள்ளை அங்கி எழுதியது:

தோல் மருத்துவத் துறையில் இருக்கிறேன். நூல்கண்டு சொன்ன செயற்கை இழை லெகிங்ஸுக்கு மறுப்பு இல்லை, ஆனால் அதை எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறீர்கள் என்பது முக்கியம். பயிற்சி முடித்து அதே ஈரத்தோடு கடைக்குப் போய், காய்கறி வாங்கி, வீட்டில் சமையலையும் முடித்துவிட்டுத்தான் மாற்றுகிறார்கள். தொடை இடுக்கிலும் மார்பகத்துக்குக் கீழும் படர்தாமரை வருவதற்கு அது போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது மிகச் சாதாரணம். வந்தபின் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவது அடுத்த தவறு. அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். ஜிம்மிலேயே மாற்றுடை இருக்கட்டும். பெஞ்சில் விரிக்கத் துண்டு உங்களுடையதாக இருக்கட்டும். பொது முழங்கால் உறையைக் கடன் வாங்காதீர்கள்.

எடை குறைய வேண்டும் என்று பிளாஸ்டிக் வியர்வைச் சட்டை போடுகிறவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். குறைவது தண்ணீர் மட்டும். 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடைப் பிரிவுக்காக இப்படி வியர்த்து எடையைக் குறைக்கப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரிப் போட்டிகளில் அந்த ரப்பர் உடையைத் தடை செய்தார்கள்.

-----

நூல்கண்டு எழுதியது:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் பருத்தியைவிட அதிகம் தங்கும், துவைத்தபின்னும் முழுக்கப் போகாது. அதற்காக வாசனைக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரை ஊற்றாதீர்கள். அது இழையின் மேல் படலமாகப் படிந்துவிடும், பிறகு துணி வியர்வையை இழுத்துப் பரப்பாது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். லைக்ரா சூட்டில் உயிரைவிடும், இஸ்திரி போடக் கூடாது.

-----

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைக் கேன்வாஸ், ஒரு இன்டர்லாக் லெகிங்ஸ், மேலே போட ஷார்ட்ஸ், இரண்டு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குகிறேன். டி-ஷர்ட் கணவருடையதே தொடரும், அவர் புதிது வாங்கிக்கொள்ளட்டும். மஞ்சள் கயிற்று யோசனையை மாமியாரிடம் சொன்னேன், அவரே கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டார். வேந்தன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், டெட்லிஃப்டை மட்டும் வெறுங்காலோடு செய்து பார்க்கிறேன்.

-----

கடைசி பெஞ்ச் எழுதியது:

உரையாடலின் நடுவே நுழைவதற்கு மன்னியுங்கள். என் மகன் கல்லூரி முதலாண்டு. மாவட்ட வலுதூக்கும் போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறான். வீட்டில் இருக்கும் ஷார்ட்ஸ், டி-ஷர்ட்டோடு போகலாம் என்கிறான். சரியா?

-----

நடுவர் மேசை எழுதியது:

போனால் உடைச் சோதனையிலேயே நிறுத்துவார்கள். சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பின் விதியைப் பின்பற்றும் போட்டியா என்று முதலில் அமைப்பாளரிடம் கேளுங்கள். அப்படியென்றால் உடம்போடு ஒட்டிய ஒற்றைத் துண்டு உடை கட்டாயம், சிங்லெட் என்று கேட்டால் கடையில் தெரியும். உள்ளே அரைக்கை டி-ஷர்ட். அதில் காலர், பை, பொத்தான் இருக்கக் கூடாது, இழுபடும் ரப்பர் போன்ற துணியும் கூடாது. உள்ளாடை சாதாரண ஜட்டிதான், தொடை வரை வரும் பாக்ஸர் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். இதில்தான் முதல்முறை வருகிற பையன்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பெல்ட் இருந்தால் அகலம் 10 செ.மீ., தடிமன் 13 மி.மீ. தாண்டக் கூடாது. முழங்கால் உறை 7 மி.மீ. தடிமன் வரை. மணிக்கட்டுப் பட்டை ஒரு மீட்டர் நீளம், 8 செ.மீ. அகலம் வரை.

வேந்தன் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மேடையில் வெறுங்காலுக்கு அனுமதி இல்லை.

டெட்லிஃப்டுக்கு முழங்காலுக்குக் கீழ் வரை வரும் நீளக் காலுறை கட்டாயம், ஆனால் அது முழங்கால் உறையைத் தொடக் கூடாது. பார் முன்கால் எலும்பை உரசி ஏறும்போது தோல் கிழிந்து ரத்தம் பாரில் பட்டால், அடுத்தவருக்கு முன் துடைத்துக் கிருமிநாசினி போட வேண்டியிருக்கும். கால்பந்து வீரர்கள் போடும் காலுறையே போதும். இரண்டு ஜோடி கொடுத்தனுப்புங்கள், ஒன்றை வார்ம்-அப் செய்யும் பகுதியிலேயே யாராவது கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.